சவர்க்காரக் கணக்கு

2022ஆம் ஆண்டின் புரட்டாதி மாதம் அது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி அந்த மாதத்துப் பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டிருந்தது. இந்த இலக்கத்தைச் செய்தியாக எழுதி அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தால், அதே செய்தி வேறு வடிவத்தில் காத்திருந்தது. கடைக்குப் போய் வந்த மனைவி, ஒரு சிறிய சவர்க்காரத்தூள் பைக்கற்றை மேசையில் வைத்து, "என்னப்பா, இதை வாங்கினதிலை பருப்பு வாங்கக் காசு காணேல்லை" என்றார். உடுப்புத் தோய்க்கும் செலவை ஒரு குடும்பம் உணவுச் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்க நேர்ந்தால், அந்த நாட்டின் பொருளாதாரத்தைப் பற்றி மேலும் ஒரு கட்டுரை தேவையில்லை.

ஆனால் எமது ஆசிரியபீடம் ஒரு கட்டுரை கேட்டது. நெருக்கடியைச் சமாளிக்கும் வழிகள் என்றொரு தொடர். ஒருவர் வீட்டுத்தோட்டம் பற்றி எழுதினார். இன்னொருவர் விறகடுப்புப் பற்றி எழுதினார். வீட்டிலேயே சவர்க்காரம் செய்து பணத்தை மிச்சம்பிடிப்பது எப்படி என்பது என் பங்குக்கு வந்தது. செய்து பார்க்காமல் எழுதக்கூடாது என்று நான் தீர்மானித்தேன். அத்தீர்மானத்துக்கு ஒரு பழைய காரணம் இருந்தது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

சவர்க்காரம் என்பது எண்ணெயும் காரமும் சேர்ந்து மாறிய பொருள். காரம் என்பது இங்கே கோஸ்ரிக் சோடா, அதாவது சோடியம் ஐதரொட்சைட்டு. ஒரு காலத்தில் இப்பொருளுக்காக நாம் கடல்கடந்து போகவேண்டியிருக்கவில்லை. ஆனையிறவு உப்பளத்தின் உப்பைக் கொண்டு பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் உற்பத்தியாகின. போர் அத்தொழிற்சாலையை மூடியது. யாழ்ப்பாணத்துக்கென்று சொந்தமாகச் சவர்க்காரமும் இருந்தது. மில்க்வைற் கனகராசா என்றே அறியப்பட்ட பெரியாரின் மில்க்வைற் சவர்க்காரத்தையும், அவர் வெளியிட்ட 'மில்க்வைற் செய்தி' என்ற சஞ்சிகையையும், பனை வளர்ப்புக்காக அவர் பட்ட பாட்டையும் என் வயதொத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

தேங்காய் எண்ணெய்க்குச் சந்தியிலிருந்த தேநீர்க்கடையை நாடினேன். வடை பொரித்து மீந்த எண்ணெயை அவர்கள் எப்படியும் வீசத்தான் போகிறார்கள். அந்த எண்ணெயில் அதேயளவு தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து ஆறவிட்டேன். உப்பும் மிளகாயும் கருகிய துணிக்கைகளும் தண்ணீரோடு அடியில் இறங்க, எண்ணெய் தெளிந்து மேலே நின்றது. அதைத் துணியில் வடித்து ஒரு கிலோ நிறுத்தெடுத்தேன்.

கணக்கு இதுதான். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முற்றாகச் சவர்க்காரமாவதற்கு ஏறத்தாழ 183 கிராம் கோஸ்ரிக் சோடா வேண்டும். காரம் மிஞ்சினால் கையையும் துணியையும் அரிக்கும். எண்ணெய் சற்று மிஞ்சினால் கேடில்லை. ஆகவே 175 கிராம் போதும். அதைக் கரைப்பதற்கு 350 கிராம் தண்ணீர். தண்ணீருக்குள் சோடாவைச் சிறிது சிறிதாகப் போடவேண்டுமே தவிர, சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. ஊற்றினால் சூடேறித் தெறிக்கும். இவை அனைத்தையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்தேன்.

அந்தத் தாளில் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. பாத்திரம். கலைப்பட்டதாரியாகிய நான் கையில் அகப்பட்ட அலுமினியச் சட்டியை எடுத்தேன். சோடா கரைந்து சூடேறியதும் சட்டி இரைந்து நுரைத்துப் பொங்கத் தொடங்கியது. காரம் அலுமினியத்தைத் தின்று ஐதரசன் வாயுவை வெளியேற்றுகிறது என்பதைப் பின்னர்தான் விளங்கிக்கொண்டேன். அந்நேரம் விளங்கியதெல்லாம் இதை அடுக்களையிலிருந்து வெளியே கொண்டுபோகவேண்டும் என்பது மட்டுமே. தூக்கிக்கொண்டு ஓடியபோது வலது மணிக்கட்டில் தெறித்தது.

திண்ணையிலிருந்த அம்மா என் சத்தம் கேட்டு எழுந்து வந்தார். எண்பதைத் தாண்டிய அவர் அவ்வளவு விரைவாக நடந்ததை அண்மைக்காலத்தில் நான் கண்டதில்லை. கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய் வாளியைச் சரித்தார்.

"தண்ணியை ஊத்து, ஊத்து. கையை எடுக்காதை."

மனைவி வினாகிரிப் போத்தலோடு வந்தபோது, "அதொண்டும் வேண்டாம் பிள்ளை, பச்சைத் தண்ணிதான்" என்று தடுத்துவிட்டார். இருபது நிமிடத்துக்கு மேலாக அந்தத் தண்ணீர் என் கையில் விழுந்துகொண்டிருந்தது. மருத்துவர்கள் சொல்வதும் இதைத்தான் என்று பின்னர் அறிந்தேன். அம்மாவுக்கு யார் சொன்னார்கள்?

நான் கேட்கவில்லை. அவர் வாளியைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தேன். விரல் மடிப்புகளில் வெண்மையாக ஓடும் பழைய வடுக்கள். என் வாழ்நாள் முழுவதும் சோறு போட்ட கைகள். அந்த வடுக்கள் ஏன் வந்தன என்று முப்பது ஆண்டுகளாக நான் ஒருமுறையேனும் யோசித்ததில்லை என்பது அந்தக் கிணற்றடியில்தான் எனக்கு உறைத்தது.

1990ஆம் ஆண்டு ஆனியில் இரண்டாம் கட்ட ஈழப்போர் மூண்டதும் வடக்கின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. எரிபொருள், மின்கலம், மெழுகுதிரி என்று நீண்ட அந்தத் தடைப்பட்டியலில் சவர்க்காரமும் இருந்தது. மின்சாரம் அந்த ஆண்டே போய்விட்டது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சைத் திணித்துச் சில துளி மண்ணெண்ணெயில் விளக்கெரித்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். பத்திரிகைகள் பயிற்சிக் கொப்பித் தாளிலும் அச்சாகின. கிளாலிக் கடலேரியை இரவில் படகிற் கடந்து வருபவர் ஒரு சவர்க்காரக் கட்டி கொண்டுவந்தால், அது அன்பளிப்பு என்பதைவிட நகை என்றே கருதப்பட்டது. எங்கள் வீட்டில் அப்படி வந்த ஒரு கட்டியை அம்மா பெட்டிக்குள் சேலைகளின் நடுவே வைத்திருந்தார். யாருக்காகவும் அதை வெளியே எடுக்கவில்லை.

ஆவணி, புரட்டாதியில் பனம்பழம் விழும். அதை நீரிற் பிசைந்து தும்பு நீக்கிய களியைத் துணியில் தேய்த்தால் நுரைக்கும். பனங்களியிலுள்ள கசப்புக்கும் அந்த நுரைக்கும் காரணம் ஒன்றே. பிளபெலிபெரின் எனப்படும் சப்பொனின் வகைச் சேர்மங்கள் அவை. இலங்கை ஆய்வாளர்கள் அவற்றை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். பூந்திக்கொட்டையும் சீயாக்காயும் நுரைப்பதற்கும் சப்பொனின்களே காரணம். இந்த இரசாயனம் தெரியாமலே அம்மா இனிப்பான பழத்தைப் பனாட்டுக்கும் காறலான பழத்தை உடுப்புக்கும் என்று பிரித்துவைப்பார்.

பனம்பழத்தில் தோய்த்த உடுப்புக்கு ஒரு மணம் உண்டு. வெள்ளைத் துணி இளமஞ்சளாகும். தும்பு ஒட்டிக்கொள்ளும். எறும்பு மொய்க்கும். கொடியிற் காய்ந்த சேட்டை மாடு சப்பிவிட்டுப் போன கதை யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. நான் பத்திரிகைக்கு வேலை கேட்டுப் போவதற்கென்று வைத்திருந்த ஒரே நல்ல சேட்டின் இடது கையை அயல்வீட்டு மாடு தின்றது. மடித்துவிட்டுக்கொண்டுதான் போனேன். வேலை கிடைத்தது. வெளிநாட்டிலிருக்கும் நண்பர்களுக்கு இக்கதையை நான் எத்தனையோ தடவை சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

சிரிப்புக்கு வராத பகுதியும் உண்டு. அந்த ஆண்டுகளில் ஐயா பாரிசவாதத்தால் படுக்கையில் இருந்தார். அவருடைய விரிப்புகளை நாள்தோறும், சில நாட்களில் இருமுறை தோய்க்கவேண்டும். பனம்பழம் ஆண்டு முழுவதும் விழுவதில்லை. மற்ற மாதங்களில் அம்மா தென்னம்மட்டையையும் வாழைத்தண்டையும் காயவைத்து எரித்தார். அடியில் துளையிட்ட முட்டியில் சாம்பலை நிரப்பி மேலே தண்ணீர் விட்டு, கீழே சொட்டும் காரநீரைச் சேகரித்தார். பொற்றாசியக் காரம் அது. முட்டையைப் போட்டு அது மிதக்கிறதா என்று பார்த்து அதன் செறிவை மதிப்பிட்டார். கெட்டுப்போன எண்ணெய் கிடைத்தால் அதோடு காய்ச்சிக் களிம்பு போன்ற சவர்க்காரமாக்கினார். எண்ணெய் கிடைக்காத நாட்களில் காரநீரிலேயே விரிப்புகளை ஊறவைத்துக் கசக்கினார். கையுறை என்ற சொல்லை அக்காலத்தில் நான் கேள்விப்பட்டதில்லை.

1993இல் என்று நினைக்கிறேன், பத்திரிகையிற் சேர்ந்த புதிதில் நான் ஒரு சிறப்புக் கட்டுரை எழுதினேன். தடையைத் தன்னிறைவால் வென்ற மக்கள் என்பது அதன் சாரம். பனையும் சாம்பலும் தந்த சவர்க்காரம் பற்றிப் பெருமிதத்தோடு எழுதியிருந்தேன். சனங்கள் சோர்ந்திருந்த காலம் அது. உற்சாகமூட்டுவது பத்திரிகையாளனின் கடமை என்று நான் உளமார நம்பினேன். கட்டுரைக்கு ஒரு குரல் தேவைப்பட்டது. கோண்டாவிலைச் சேர்ந்த ஒரு குடும்பத் தலைவி என்று அம்மாவைக் குறிப்பிட்டு, இனிமேல் கப்பலில் வரும் சவர்க்காரம் எங்களுக்குத் தேவையில்லை என்று அவர் மலர்ந்த முகத்துடன் கூறியதாக எழுதினேன். கட்டுரைக்குப் பாராட்டும் கிடைத்தது. அம்மாவுக்கு வாசித்தும் காட்டினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஐயாவைத் திருப்பிப் படுக்கவைக்கவேண்டுமென்று எழுந்து போனார்.

கையில் எண்ணெய்ப்புண் போன்ற காயத்தோடு நான் திண்ணையில் அமர்ந்திருந்த அன்று மாலை, மின்வெட்டு இருளில், அம்மா அந்தக் கட்டுரையை எடுத்தார்.

"உனக்கு நினைவிருக்கோ தம்பி, முந்தி நீ சவர்க்காரத்தைப் பற்றி ஒண்டு எழுதினாய்."

"ஓம்."

"நல்லாத்தான் எழுதியிருந்தாய். ஆனால் நான் அப்பிடிச் சொல்லேல்லை."

நான் பேசாதிருந்தேன். அவர் கோபமாகச் சொல்லவில்லை. இருபத்தொன்பது ஆண்டுகளாக வைத்திருந்த ஒன்றைத் திருப்பித் தருபவர் போலச் சொன்னார்.

"எனக்குக் கப்பல் சவர்க்காரம் வேணுமெண்டுதான் இருந்தது. கை எரிஞ்சது. நீ ஒருநாளும் கேக்கேல்லை. உன்ரை சாரத்தைக்கூட நீ தோய்ச்சதில்லை."

ஊடகத் துறையில் எத்தனையோ பெரிய பிழைகளைப் பற்றி நாம் கருத்தரங்குகளில் பேசுகிறோம். அதிகாரத்துக்கு அஞ்சிச் செய்தியை மறைத்தது, உறுதிப்படுத்தாமல் எழுதியது என்று பட்டியலிடுகிறோம். நல்ல நோக்கத்தோடு ஒரு தாயின் வாயில் அவர் சொல்லாத சொல்லை வைத்ததை நான் அப்பட்டியலில் எங்கே சேர்ப்பேன்? அது சிறிய பொய்தான். ஆனால் அந்தப் பொய் ஒரு மனுஷியின் வலியைப் பெருமிதமாக்கி அச்சிட்டது. அதன்பின் அந்த வலியைச் சொல்ல அவருக்கு இடமில்லாமற் போனது.

மறுநாள் எவர்சில்வர்ப் பாத்திரமும் தடித்த றப்பர்க் கையுறையும் பழைய மூக்குக்கண்ணாடியுமாக முற்றத்தில் மீண்டும் தொடங்கினேன். அம்மா கதிரையைப் போட்டு மேற்பார்வை செய்தார். கரைசலை ஆறவைத்து எண்ணெயில் மெல்ல ஊற்றி, மரக்கரண்டியால் கூழ்ப்பதம் வரும்வரை கிண்டினேன். பொலித்தீன் விரித்த வெற்றுப் பால்மாப் பெட்டியே அச்சு. ஒருநாள் கழித்து வெட்டி நாலு கிழமை காற்றாட வைத்தேன். ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ நிறையில் பன்னிரண்டு கட்டிகள் கிடைத்தன. எண்ணெய் இலவசமாகக் கிடைத்ததால் சோடாவின் விலைதான் செலவு. கடைச் சவர்க்காரத்தோடு ஒப்பிட்டால் மிச்சம் கணிசமானது. காசு கொடுத்து நல்ல எண்ணெய் வாங்கிச் செய்தால் மிச்சம் எதுவுமில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணம் சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. எங்கள் கிணற்று நீர் வன்னீர். அதிலுள்ள கல்சியமும் மகனீசியமும் சவர்க்காரத்தோடு சேர்ந்து தயிர்த்தோடு போன்ற படிவாகித் துணியில் தங்கிவிடும். கடையில் விற்கும் சவர்க்காரத்தூள் உண்மையில் சவர்க்காரமன்று. அதிலிருப்பது வன்னீரிலும் திரையாத செயற்கைக் கழுவி. ஆகவே வீட்டுச் சவர்க்காரத்தைத் துருவிப் பயன்படுத்துவோர் முதலில் தண்ணீரில் சிறிது சலவைச்சோடா கரைக்கவேண்டும். அது கல்சியத்தை வீழ்த்திவிடும். சலவைச்சோடா கிடைக்காவிட்டால் அப்பச்சோடாவை உலர்ந்த சட்டியில் நன்றாகச் சூடாக்கினால் அது சலவைச்சோடாவாக மாறும். மழைநீர் இருந்தால் இவை எதுவும் வேண்டாம். மாரியில் பீலித் தண்ணீரை அண்டாவில் பிடித்து, விரிப்புகளுக்கென்று அம்மா ஒதுக்கிவைத்ததன் காரணமும் எனக்கு இப்போதுதான் தெரியவந்தது. சலவை இயந்திரத்துக்கு இச்சவர்க்காரம் உகந்ததன்று, உட்புறத்தில் படியும். அந்த நாட்களில் எங்கள் இயந்திரம் மின்வெட்டில் உறங்கிக்கொண்டிருந்ததால் அப்பிரச்சினை எழவில்லை.

இவ்வளவும் கட்டுரையில் எழுதினேன். எழுதி முடித்ததும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இம்முறை எழுந்து போகவில்லை.

"மலிவு எண்டு எழுது, பிழையில்லை. ஆர் தோய்க்கிறது எண்டதையும் எழுது."

கடைசிப் பந்தியாக அதை எழுதினேன். வீட்டுச் சவர்க்காரம் பணத்தை மிச்சப்படுத்துகிறது, ஆனால் அதைக் காய்ச்சவும் துருவவும் கல்லில் அடித்துக் கசக்கவும் செல்லும் மணித்தியாலங்கள் யாரோ ஒருவருடையவை. அநேகமாக அவர் பெண். அந்த நேரத்துக்கு விலையில்லை என்று வைத்துக்கொண்டால்தான் இது சிக்கனம். இதற்கு முந்திய தலைமுறையிலும் நாம் இப்படித்தான் கணக்குப் பார்த்தோம். கட்டாடியார் என்று நாம் அழைத்த சலவைத் தொழிலாளர்கள் உவர்மண்ணிலும் வெள்ளாவியிலும் எங்கள் துணிகளை வெளுத்துத் தந்தபோது, அவர்களுடைய உழைப்பைச் சாதியின் பெயரால் கடமையாக்கி நெல்லாலும் வாசலில் நின்று பெறும் சோற்றாலும் ஈடுகட்டிவிட்டதாக நினைத்தோம். வெள்ளை வேட்டியின் பெருமை மட்டும் எங்களுடையதாக இருந்தது.

தாள் தட்டுப்பாட்டினால் பக்கங்கள் குறைக்கப்பட்டிருந்த காலம். கட்டுரை நீளமென்று கடைசிப் பந்தி வெட்டப்பட்டே அச்சாகியது. யாரையும் குறைசொல்வதற்கில்லை, செய்முறைதான் வாசகருக்கு வேண்டியிருந்தது. அன்று அச்சேறாத பந்தியை இன்று இங்கே சேர்த்துவிட்டேன். 1993ஆம் ஆண்டுக் கட்டுரையிலுள்ள அந்த மேற்கோளுக்கான திருத்தமாகவும் இதனைக் கொள்ளலாம். அந்தக் குடும்பத் தலைவி அப்படிக் கூறவில்லை.

இப்போது பணவீக்கம் தணிந்திருக்கிறது. ஏறிய விலைகள் பழைய இடத்துக்கு இறங்கவில்லையாயினும் சவர்க்காரத்தூள் வாங்க முடிகிறது. இயந்திரமும் ஓடுகிறது. ஆனாலும் ஆண்டுக்கு இருமுறை தேநீர்க்கடை எண்ணெயில் சவர்க்காரம் செய்கிறேன். ஞாயிறு காலையில் என் சாரங்களையும் அம்மாவின் விரிப்பையும் கிணற்றடியில் நானே தோய்க்கிறேன். அம்மா திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

"கரைப்பக்கம் ஊத்தை போகேல்லை, இன்னொருக்காத் தேய்."

தேய்க்கிறேன்.